ஊர்வலத்தில் பழகிய மூச்சு

நீலமேகத்துக்கு நாயனத்தில் விரல் சுத்தம். மூச்சுதான் போதாது. ராகத்தை மேலே ஏற்றி நிறுத்தும்போது சுரம் ஆடும். தவில்காரர் சோமசேகரன் நாலு அடி பலமாகத் தட்டி அதை மூடிவிடுவார். கேட்கிறவர்களுக்குத் தெரியாது, நீலமேகத்துக்குத் தெரியும்.

ஆடியில் கல்யாணம் கிடையாது. போன ஆடியில், காரைக்கால் டவுனில் பேண்டு செட் வைத்திருக்கும் காத்தமுத்து, "கிளாரினெட்டுக்கு ஆள் இல்லண்ணே, சும்மாத்தானே இருக்கீங்க?" என்று கூப்பிட்டார். அந்த செட்டுக்குப் பாதி வேலை சாவு ஊர்வலம். தாலி கட்டும்போது ஊதுகிற வாய் பிணத்துக்கு முன்னால் ஊதியது தெரிந்தால், அப்புறம் முகூர்த்தத்துக்கு ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். நீலமேகம் பேண்டு தொப்பியைப் புருவம் வரை இறக்கிக்கொண்டு போனார்.

முதல் நாள் நாயனத்துக்கு ஊதுகிற மாதிரியே ஊதினார். கிளாரினெட் கீச்சென்று கத்தியது.

"மெதுவாண்ணே, போனவரு எழுந்துடப் போறாரு" என்றார் காத்தமுத்து.

நாயனத்தின் வாயில் செருகும் சீவாளியை உதட்டால் இறுக்கிக் கன்னத்தால் தள்ளியே பழகியவர். கிளாரினெட்டுக்கு அந்த முரட்டுத்தனம் ஆகாது. கீழ்ச் சுரத்தை மெல்லப் பிடித்து, நடந்துகொண்டே, சுடுகாடு வரை இழுக்க வேண்டும். நெஞ்சை மட்டும் தூக்கி மூச்சு வாங்கினால் பத்து வீடு தாண்டுவதற்குள் இளைக்கும். வயிறு வேலை செய்தாக வேண்டும். செய்தது. ஆவணியில் நாயனத்தை எடுத்தால், மேல் சுரம் வைத்த இடத்தில் அசையாமல் நின்றது.

"என்னய்யா பண்ணுன?" என்றார் சோமசேகரன்.

"விடியக்காலம் பீச்சுல சாதகம் பண்றேங்க."

சோமசேகரன் நம்பினார். போகிற கல்யாணமெல்லாம் அதைச் சொல்லிச் சிலாகித்தார். நீலமேகம் தலையைக் குனிந்துகொண்டார். அடக்கம் என்று நினைத்தார்கள். புரட்டாசியிலும் கல்யாணம் இல்லை; மறுபடி பேண்டுக்குப் போனார்.

தை மாதம் வரிச்சிக்குடியில் ஒரு கல்யாணம். முகூர்த்தத்துக்கு முன்னால் பெண்ணின் அத்தை பெரியநாயகி மேளக்காரர்களுக்குக் காபி கொண்டுவந்தாள். நெரவியில் வாழ்க்கைப்பட்டவள், புரட்டாசியில் புருஷன் போய்விட்டான். நீலமேகத்தைப் பார்த்ததும் நின்றாள்.

"நீங்கதானே எங்க வீட்டுக்காரரு ஊர்வலத்துல ஊதுனீங்க? பொம்பளைங்க நாங்க தெருமுனையோட நின்னுட்டோம். அங்க ஒரு இழுப்பு இழுத்தீங்களே, அதக் கேட்டப்புறந்தாங்க எனக்கு அழுகையே வந்துச்சு."

அவள் நன்றிதான் சொன்னாள். தவில் வாரை இழுத்துக்கொண்டிருந்த சோமசேகரனின் கை நின்றது.

"நான் இல்லீங்கம்மா. நான் நாயனக்காரன்" என்றார் நீலமேகம்.

பெண்ணின் அப்பா ஓடிவந்தார். "மணவறைகிட்ட நின்னுக்கிட்டு சாவுப் பேச்சா பேசுற? உள்ள போ!"

"அத்தைக்கு யாரப் பாத்தாலும் அன்னிக்கு வந்த ஆளாத்தான் தெரியுது" என்று யாரோ சிரித்தார்கள். பெரியநாயகி காபித் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போனாள்.

கெட்டிமேளம் அருமையாக விழுந்தது. அட்சதை போட வந்தவர்களில் பெரியநாயகி இல்லை. நீலமேகம் தேடிப் போனார். கொல்லையில் தனியாக வெற்றிலை துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அது நான்தாங்க."

அவள் நிமிரவில்லை. "தெரியும். எனக்கொண்ணும் புத்தி பேதலிச்சுப் போகல. என்கிட்ட ஏன் சொல்றீங்க? எங்க அண்ணங்கிட்ட சொல்லுங்க."

அவர் சொல்லவில்லை. பந்தியில் போய் உட்கார்ந்தார். ஒத்துக்கொண்டிருந்த மாசி முகூர்த்தங்களை நினைத்துக்கொண்டே சாம்பார் சாதம் சாப்பிட்டார். இலையில் பாயசம் விழுந்தது. அதைத் தொடாமல் இலையை மூடிவிட்டு எழுந்து, வாசலில் தாம்பூலப் பை கொடுத்துக்கொண்டிருந்த பெண்ணின் அப்பாவிடம் போனார்.

"உங்க தங்கச்சி சொன்னது நெசங்க. நான்தான் பொய் சொன்னேன். ஆனா நாயனம் வேறங்க, அது கிளாரினெட்டு..."

"வாய் ஒண்ணுதானே?" என்றார் அவர். முகம் கறுத்துவிட்டது. "சாயங்காலம் வரவேற்புக்கு வேற ஆளப் பாத்துக்கறேன். கிளம்புங்க." பிறகு கொல்லைப் பக்கம் திரும்பி, "பெரியநாயகி, இங்க வாம்மா" என்று கூப்பிட்டார். அவள் வரும்வரை நிற்க நீலமேகத்துக்கு முகம் இல்லை.

பஸ் நிறுத்தத்தில் சோமசேகரன் தவிலைத் தரையில் இறக்கி வைத்தார்.

"பீச்சுல சாதகம்னு ஊரெல்லாம் சொன்னது நான்தானே? இப்ப நானும் பொய்யன்."

பஸ் வந்தது. சோமசேகரன் ஏறி, தவிலை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். பக்கத்து இடம் காலியாகத்தான் இருந்தது. நீலமேகம் காரைக்கால் வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போனார்.