ராணி வேஷம் கலைந்த கொட்டகை

நேற்று மகளின் பள்ளி ஆண்டு விழா முடிந்து, அவள் முகச் சாயத்தைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தபோது எழுந்த மணம், மார்த்தாண்டத்தில் இன்று கல்யாண மண்டபத்துக் கார்கள் நிற்கும் இடத்தில் முன்பு இருந்த ஓலை நாடகக் கொட்டகைக்கு என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டது. அங்கே ஆர்மோனியத்தின் முனகலும் பெட்ரோமாக்ஸ் விளக்கின் இரைச்சலும் ஜிகினா உதிரும் புடவைகளின் சரசரப்பும் சூழ, ராணி வேஷம் கட்டிய அம்மா ராஜசபையில் நிமிர்ந்து நின்று, பொய்த் தீர்ப்புச் சொன்ன ராஜாவைக் கேள்விமேல் கேள்வி கேட்டு மடக்குவாள். பெஞ்சில் இருக்கும் பெண்கள் மூச்சுவிட மறந்திருப்பார்கள்.

ஒரு விடியலில், நாடகம் முடிந்து அம்மா சாயம் துடைத்துக்கொண்டிருக்கையில் அப்பா திரையை விலக்கிக்கொண்டு வந்தார்.

"ஏட்டி, போதும் ஒனக்க ஆட்டம். இனி வீட்டுல கெட."

அம்மா பாதி துடைத்த முகத்தோடு, அட்டைக் கிரீடத்தைப் பெட்டியில் வைத்துவிட்டு அவர் பின்னால் நடந்தாள். பிறகு எந்த மேடையிலும் ஏறவில்லை.

வளர்ந்தபின் ஒருநாள் ஆத்திரம் தாங்காமல் கேட்டேன். "ராஜாவையே மடக்குனியே அம்மா, அப்பாகிட்ட ஒரு வார்த்தை பேசப்பிடாதா?"

அம்மா மீன்குழம்புக்குத் தேங்காய் துருவிக்கொண்டே சொன்னாள்:

"அதுக்கு யாரும் வசனம் எழுதித் தரல்லியே, மக்கா."