ஏழாவது பாஸ்

வெளியே கிளம்பும் முன் சட்டைப் பையில் உள்ள சீட்டுகளை மூன்று முறை எண்ணுவேன். மருமகள் சிரிப்பாள். சிரிக்கட்டும்.

எழுபதுகளின் கடைசி. நான் ஐந்தாம் வகுப்பு. ‘பாஸ்’ என்ற சொல் நம் ஊரில் எத்தனை விதமாகப் புழங்குகிறது என்று எழுதிவரச் சொன்னார் ஆங்கில வாத்தியார். சீட்டு கிடைத்தால் நோட்டில் ஒட்டிக் காட்டினால் இன்னும் நல்லது. முதலாவதாக வருபவனுக்கு மைப்பேனா.

மாதனூரில் தேடினேன். அக்கா பத்தாவது பாஸ். பந்தை பாஸ் செய்யாத மாமா. சித்தப்பாவின் பஸ் பாஸ். அப்பாவின் பாஸ் புத்தகம். டூரிங் கொட்டகைக்கு ஓசி பாஸ். ஷூ கம்பெனியில் அம்மா தைக்கும் தோல், செக்கிங்கில் பாஸ். ஆறு. எதிர்வீட்டுப் பையனும் ஆறு எழுதியிருந்தான்.

அன்று மாலை அம்மாவின் சாப்பாட்டுப் பையில் நாலாக மடித்த கேட் பாஸ் கிடைத்தது. பழசு என்று நினைத்துச் சோற்றுப் பருக்கையால் நோட்டில் ஒட்டிவிட்டேன். ஏழு.

அது மறுநாள் வேலை நேரத்தில் கம்பெனி கேட்டைத் தாண்டி வெளியே போவதற்கானது. மாதத்துக்கு ஒன்றுதான் தருவார்கள். தம்பி வீட்டு வளைகாப்பு என்று பொய் சொல்லி அம்மா வாங்கியிருந்தாள். போகவேண்டியதோ வேலூர்க் கண்ணாஸ்பத்திரிக்கு. கண் மங்குவது சூப்பர்வைசருக்குத் தெரிந்தால் மெஷினிலிருந்து எழுப்பிவிடுவார்.

மறுநாள் வழக்கம்போல் கம்பெனி பஸ்ஸில்தான் திரும்பினாள்.

“சீட்டு இல்லாம எப்டிம்மா வுட்றதுன்னுட்டான் வாட்ச்மேன். டேய், பையில இருந்த சீட்டப் பாத்தியா?”

நோட்டை நீட்டினேன். பேனாவையும் காட்டினேன்.

“உன் புள்ளைக்குப் படிப்பு ஜாஸ்தியாப் பூடுச்சி அண்ணி. அடுத்த மாசம் யாருக்கு வளைகாப்பு?” என்றாள் அத்தை.

அம்மா அடிக்கவில்லை. நோட்டை விளக்கருகே பிடித்தாள், கையை நீட்டித் தள்ளிப் பிடித்தாள், பிறகு என்னிடமே கொடுத்துவிட்டாள்.

“நீயே படிடா.”

என் குரலைக் கேட்க ஆசைப்படுகிறாள் என்று நினைத்தேன். ஏழையும் இரண்டு முறை, உரக்கப் படித்தேன்.