ஒரே ஒரு பாட்டு

என் தங்கை எழிலரசி பதினொரு வருடங்களில் நானூற்றுப் பதின்மூன்று மேடைகளில் பாடியிருக்கிறாள். ஊர், தேதி, என்ன விசேஷம், எந்தப் பாட்டில் தொடங்கினாள் என்று ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். நான் ஒன்பதாவதோடு நின்றவன். பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பால் சொசைட்டியில் பால் அளக்கிறேன். அவளுடைய ஆர்கெஸ்ட்ரா எங்கே போனாலும் பிளாஸ்கில் வெந்நீரோடு மேடைக்குப் பின்னால் நிற்பேன். எழிலரசி அண்ணன் என்றால்தான் என்னைப் பலருக்குத் தெரியும். அதில் எனக்குப் பெருமைதான்.

ரோசம்மாள் சிஸ்டரை நாங்கள் பார்த்ததும் ஒரு மேடையால்தான். பாப்பாரப்பட்டியில் திருவிழாக் கச்சேரி. சாலைக்கு அந்தப் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்தும் இல்லம். பஸ் ஸ்டாண்டிலும் ஆஸ்பத்திரி வாசலிலும் சொந்தக்காரர்கள் விட்டுவிட்டுப் போன பத்தொன்பது பேர் அங்கே இருந்தார்கள். கச்சேரி பாதியில் சிஸ்டர் வந்து, சாகக் கிடக்கும் ஒரு அம்மாவால் தூங்க முடியவில்லை, ஒரு ஸ்பீக்கரை மட்டும் திருப்பி வைக்க முடியுமா என்று கேட்டார். மைக் செட்டுக்காரர் முடியாது என்றார். திருப்பினால்தான் பாடுவேன் என்று எழிலரசி மைக்கைக் கீழே வைத்துவிட்டாள். திருப்பினார்கள்.

மறுநாள் அந்த அம்மாவைப் பார்க்க நானும் அவளும் போனோம். செல்லம்மாள் என்று பெயர். கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்து, "நேத்து எந்தப் பாவி பாட்ட அந்தப் பக்கம் திருப்புனது?" என்றார். சிஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். அன்றைக்கு சிஸ்டரும் எழிலரசியும் சிரித்த சிரிப்பு ஆறு வருடம் நின்றது.

அதன் பிறகு செவ்வாய்க்கிழமை தோறும் எழிலரசி அங்கே போனாள். சிஸ்டர் புண்ணைக் கழுவிக் கட்டுப் போடும்போது வலி தெரியாமல் இருக்க, படுத்திருப்பவர் கேட்கும் பாட்டை இவள் பாடுவாள். மாரியம்மன் பாட்டு, மாதா பாட்டு, சினிமாப் பாட்டு, எது கேட்டாலும் சரி. சிஸ்டருக்குச் சுருதி சுத்தமாக வராது. ஆனாலும் கூடவே பாடுவார்.

"சிஸ்டர், நீங்க பாடுனா படுத்துக் கெடக்கறவங்களும் எந்திரிச்சு ஓடிருவாங்க" என்பாள் எழிலரசி.

"ஓடட்டும். எனக்கு வேல கொறையும்" என்பார் சிஸ்டர்.

என் தங்கைக்கு வீட்டில் நான் இருந்தேன், மேடையில் ஆயிரம் பேர் இருந்தார்கள். மனம் விட்டுப் பேச அவர் ஒருவர்தான் இருந்தார். அவருக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

அவள் குரலில் வந்த கோளாறை முதலில் கண்டுபிடித்ததும் சிஸ்டர்தான். மேடையில் மைக்கும் எக்கோவும் சேர்ந்து எல்லாவற்றையும் மூடிவிடும். கட்டில் பக்கத்தில் வெறும் குரலில் பாடும்போது மூடுவதற்கு ஒன்றும் இல்லை. மேல் ஸ்தாயியில் குரல் பாதி காற்றாகப் போவதாக மூன்று வாரம் கவனித்துவிட்டு என்னிடம் சொன்னார். நான் நம்பவில்லை. அவரே அவளைச் சேலத்துக்கு பஸ்ஸில் கூட்டிப் போனார். குரல் நாணில் கட்டி என்று டாக்டர் சொன்னார். போன வருடம் பங்குனி முதல் வாரத்தில் ஆபரேஷன் நடந்தது. நல்லபடியாகவே முடிந்தது. ஆறு வாரம் ஒரு வார்த்தை பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது, மூன்று மாதத்துக்குப் பாட்டு கூடவே கூடாது என்றார். மீறினால் தழும்பு விழுந்துவிடும், பிறகு ஒன்றும் செய்ய முடியாது என்றும் சொன்னார். அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். சிஸ்டர் ஒரு சிலேட்டு வாங்கித் தந்தார். நாலு வாரம் அவளை இருமக்கூட விடாமல் பார்த்துக்கொண்டேன்.

ஐந்தாவது வாரம் எங்கள் ஊர்த் திருவிழா.

கரகம் கோயில் வாசலுக்கு வந்ததும் முதல் பாட்டை ஊர்ப் பெண் ஒருத்திதான் பாட வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். பதினொரு வருடமாக அது எழிலரசியின் பாட்டு. ஒரு வருடம் வேறு ஒருத்தி பாடிவிட்டால் அந்த இடம் அவளுக்குப் போய்விடும். அவள் கல்யாணமாகி ஊரை விட்டுப் போகும் வரை திரும்ப வாங்க முடியாது. கீழத்தெருக் கனிமொழியைக் கேட்டிருக்கிறார்கள் என்று சொசைட்டியிலேயே ஒருவர் என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு, உங்க வூட்டு ராசி இத்தோட முடிஞ்சுதா என்று சிரித்தார். நான் நேராகத் திருவிழாவை நடத்தும் ஊர்க் கவுண்டரிடம் போய், என் தங்கைதான் பாடுவாள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவளைக் கேட்கவில்லை.

விஷயம் தெரிந்து சிஸ்டர் வீட்டுக்கு வந்தார்.

"உள்ள இன்னும் பச்சப் புண்ணுங்கண்ணா. ஒரு வருஷம் விட்டா ஆத்தா கோவிச்சுக்குவாங்களா?"

"சாமி காரியத்துல நீங்க பேசாதீங்க சிஸ்டர். உங்களுக்கு இது தெரியாது."

அவர் முகம் வாடியது. எழிலரசி சிலேட்டில் எழுதி என் பக்கம் நீட்டினாள். 'சிஸ்டர் சொல்றதக் கேக்கலாம்ண்ணா.' அதை உள்ளங்கையால் அழித்தேன்.

"ஒரே ஒரு பாட்டுதான் எழிலு" என்றேன்.

அவள் சிலேட்டைச் சுவரோரமாகச் சாய்த்து வைத்தாள்.

திருவிழா அன்று கோயில் வாசலில் முதல் சரணம் வரை குரல் பழையபடி இருந்தது. எனக்கு மார்பு நிமிர்ந்தது. இரண்டாவது சரணத்தில் மேலே ஏறும் இடத்தில் குரல் அறுந்தது. வாய் திறந்திருந்தது, சத்தம் இல்லை. கீபோர்டு வாசித்த கதிரவன் சட்டென்று இசையால் அந்த இடத்தை நிரப்பினான். அவள் கண்ணில் நீர் வழிவதைப் பார்த்து, அருள் வந்துவிட்டது என்று பெண்கள் குலவையிட்டார்கள். கீழே இறங்கி வந்து துண்டில் துப்பினாள். இரத்தம்.

சேலத்தில் அதே டாக்டர் தொண்டைக்குள் குழாயை விட்டுப் பார்த்தார். தழும்பு விழுந்துவிட்டது, பேசலாம், பாட முடியாது என்றார். வேறு இரண்டு டாக்டர்களிடமும் காட்டினோம். அவர்களும் அதையே சொன்னார்கள். மூன்று முறையும் சிஸ்டர் கூட வந்தார். என்னை ஒரு வார்த்தை குற்றமாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

இப்போது அவள் பேசினால் காய்ந்த ஓலையைத் தரையில் இழுப்பது போல இருக்கும். ஆர்கெஸ்ட்ராவில் வேறு பெண் வந்தாயிற்று. கோயிலில் இந்த வருடம் கனிமொழி பாடினாள். எழிலரசி இல்லத்துக்குத் தினமும் போய்த் துணி அலசுகிறாள், கிடப்பவர்களைப் புரட்டிப் படுக்க வைக்கிறாள். பழைய ஆட்கள் பாதிப் பேர் செத்துவிட்டார்கள். புதிதாக வந்தவர்களுக்கு அவள் பாடகி என்பதே தெரியாது. கட்டுப் போடும்போது சிஸ்டர் மட்டும் தனியாகப் பாடுவார். இவள் கேலி செய்ததில்லை.

இந்த மே மாதம் சிஸ்டருக்கு மாற்றல் வந்தது. ஜார்க்கண்டில் ஏதோ ஒரு ஊர். அவர்கள் சபையில் போ என்றால் போக வேண்டும், காரணம் கேட்கக் கூடாதாம். பாப்பாரப்பட்டி பஸ் நிறுத்தத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் போனோம். சிஸ்டர் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து கையை வெளியே நீட்டினார். எழிலரசி அதைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். வண்டி உறுமிக்கொண்டிருந்தது. சிஸ்டர் காதைக் கீழே கொண்டுவந்து, என்ன என்று கேட்டார். அவள் கழுத்து நரம்பு புடைக்க இன்னொரு முறை சொன்னாள். பின்னால் நின்ற லாரி ஹாரன் அடித்தது. மூன்றாவது முறையும் சொன்னாள். சிஸ்டர் சரி, சரி என்று தலையாட்டினார். பஸ் நகர்ந்தது.

சிஸ்டருக்குக் கேட்டிருக்காது. ஒரு முழத் தூரத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை.