மரப்பட்டைச் சாறு கிருமியைக் கொன்ற கதை

சைகோனில் நான் பார்த்த முதல் வேலை, கிருமி வளர்ப்பது. சோப்புக் கம்பெனி வைத்திருந்த சென்னைக்காரர் ஒருவர், நகரின் சீனர் பகுதியான சோலோனில் ஒரு மூலிகை மண்டியின் மேல்மாடியில் சின்னதாக லேப் போட்டிருந்தார். மண்டியில் வாங்கிய மரப்பட்டைகளை ஆல்கஹாலில் ஊறவைப்போம். அந்தச் சாற்றில் நனைத்த காகித வில்லைகளை, சீழ்க் கிருமி பூசிய தட்டில் வைப்போம். மறுநாள் வில்லையைச் சுற்றிக் கிருமி செத்து வட்டமாகத் தெளிந்திருந்தால் பட்டைக்கு வீரியம் உண்டு என்று அர்த்தம். தட்டைத் திறந்தால் அழுகல் நாற்றம் அடிக்கும். மதியம் சோற்றில் கை வைத்தாலும் அதே நாற்றம்தான்.

ஒருநாள் வட்டம் விழுந்தது. முதலாளி எல்லோருக்கும் ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தார். நான் தட்டைத் திரும்பப் பார்த்தேன். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வெறும் ஆல்கஹாலில் நனைத்து வைத்த வில்லையைச் சுற்றியும் அதே அளவு வட்டம். மழைக்கால ஈரத்தில் வில்லைகள் காயவே இல்லை. காயும்வரை பொறுக்க அவர் விடவும் இல்லை. கிருமியைக் கொன்றது ஆல்கஹால், பட்டை இல்லை.

"சார், கன்ட்ரோல்லயும் வட்டம் வந்திருக்கு. நல்லா காயவச்சுத் திரும்பப் பண்ணணும்."

"அதை மட்டும் போட்டோல க்ராப் பண்ணிடும்மா. யாரு கேக்கப் போறாங்க?"

நான் மாட்டேன் என்றேன். விரலில் பாகு ஒட்டியிருக்க, அவரே போனில் படத்தை வெட்டினார். அந்த விரலைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

அதோடு விட்டாரா மனுஷன்? லேப்பைக் கூட்டித் துடைக்கும் வியட்நாமிய அக்காவின் கணவருக்குச் சர்க்கரை வியாதி, காலில் ஆறாத புண். எனக்குத் தெரியாமல் அவளிடம் அந்தச் சாற்றைத் தண்ணீரில் கலந்து ஒரு பாட்டில் கொடுத்திருக்கிறார். மருத்துவமனைக்குப் போகாமல் தினமும் அதிலேயே கழுவியிருக்கிறாள். புண் இப்போது கறுத்துவிட்டது, இன்னொரு பாட்டில் வேண்டும் என்று அவள் என்னிடம் வந்து கேட்டபோதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. அப்படியே அவள் வீட்டுக்குப் போய் இருவரையும் டாக்சியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன்.

டாக்டர் துணியை அவிழ்த்தார். பழுப்புச் சாறும் சீழும் சேர்ந்து நாறியது. என் தட்டுகளில் தினமும் முகர்ந்த அதே நாற்றம். இங்கே அது ஒரு மனிதனின் காலில். வாயைப் பொத்திக்கொண்டேன். பாதத்தை எடுத்தாக வேண்டும் என்றார் டாக்டர். பிறகு, இதை ஊற்றச் சொன்னது யார் என்று அதட்டினார்.

அக்கா என் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள்.

"திட்டாதீங்க டாக்டர், நல்ல மருந்துதான். இதோ, இந்தத் தங்கச்சிதான் சோதிச்சுப் பார்த்துச்சு."