பியூஸ் கட்டிய டப்பா

பியூஸுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ஒன்பது வயதில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுருட்டி பியூஸ் கட்டைக்குள் செருகி, மூன்று வீட்டு விளக்கை ஒரே நேரத்தில் அணைத்தார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் அறுபத்திரண்டு வயதிலும் உதிரவில்லை. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு வயரிங் வேலைக்குப் போனவர். சொந்தத்தில் மட்டும் ஐந்து வீடுகளுக்கு அவர்தான் வயர் இழுத்தார். அக்கா வீடு, பெரிய அண்ணன் வீடு, சின்னம்மா மகன் வீடு, தங்கையின் நாத்தனார் வீடு, அப்புறம் சித்தப்பாவின் மூத்த மருமகள் பிடிவாதமாக எழுப்பிய மாடி.

ஆறாவது வீடு இப்போது எழும்பிக்கொண்டிருந்தது. அக்கா மகள் கட்டுகிற வீடு. அந்த வேலை தன்னைத் தவிர வேறு யாருக்குப் போகும் என்று பியூஸ் இருந்துவிட்டார். அக்கா மகளின் புருஷனோ ஆபீஸில் யாரோ சொன்ன ஒரு கம்பெனி ஆளைப் பார்த்துவைத்திருந்தார். மாமா காலத்து வேலை வேறு, இப்போதைய வேலை வேறு என்று மரியாதையாகத்தான் சொன்னாராம். அந்த மரியாதைதான் பியூஸுக்கு முள்ளாகக் குத்தியது.

இதில் கடைசி வார்த்தை அத்தானுடையது. அத்தான் என்றால் அக்காவின் புருஷன். அச்சகத்தில் முப்பது வருடம் மெஷின் ஓட்டியவர். அந்த இரைச்சலில் இருந்து வந்ததாலோ என்னவோ, வீட்டில் சத்தமே ஆகாது. அவருடைய ஒரே சொத்து ஒரு பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர். பக்கத்துக் கட்டிடத்தில் லிஃப்ட் வைத்த நாளிலிருந்து அதற்குச் சனி பிடித்தது. லிஃப்ட் ஏறினாலும் இறங்கினாலும் ஸ்பீக்கரில் 'கர்ர்ர்' என்று கேட்கும். எவ்வளவு நேரம் கேட்கிறது என்று கணக்குப் பார்த்து, நாலாவது மாடிக்கு ஒருவன் போகிறான் என்று அத்தான் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவார்.

ஒருநாள் பியூஸைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்.

"மச்சான், இந்தச் சத்தத்தை நிறுத்திக் காட்டு. அந்த வீட்டு வேலை உனக்குத்தான்னு மாப்பிள்ளைகிட்ட நானே பேசறேன்."

பியூஸ் அன்றைக்கே வேலையைத் தொடங்கினார். லைன் பில்டர் என்பது பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. கரண்டோடு சேர்ந்து வருகிற குப்பையை வழியிலேயே மறித்து மண்ணுக்கு அனுப்புகிற ஒரு டப்பா. செத்துப்போன கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய கறுப்பு வளையத்தில் இரண்டு வயர்களையும் சரிசமமாகச் சுற்றினார். சின்னச் சின்ன கெபாசிட்டர்களை வைத்து, அவற்றின் கால்களைப் பச்சை எர்த் வயரோடு சேர்த்துப் பற்றவைத்தார். எல்லாவற்றையும் ஒரு தகர டப்பாவில் அடக்கி, ஆம்ப்ளிஃபயருக்குப் புதிதாக மூன்று முள் பிளக்கும் போட்டுக் கொண்டுவந்து வைத்தார்.

லிஃப்ட் ஏறியது. 'கர்ர்ர்.' அத்தான் ஒலியைக் குறைக்கக் கையை வைத்தவர் சுள்ளென்று ஷாக் அடிக்கவே இழுத்துக்கொண்டார்.

"முன்னே குரைக்க மட்டும் செஞ்சுது. இப்போ கடிக்கவும் செய்யுது."

பியூஸ் வளையத்தை அவிழ்த்து மறுபடி சுற்றினார். பலன் இல்லை. கெபாசிட்டர் போலி என்று கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டு வேறு வாங்கினார். பலன் இல்லை. தகர டப்பாவை மாற்றினார், பற்றவைக்கும் போது கட்டைவிரலைச் சுட்டுக்கொண்டார், வீட்டில் மனைவியிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தார். ஞாயிற்றுக்கிழமை வந்த மாப்பிள்ளை டப்பாவைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இதெல்லாம் இப்போது ரெடிமேடாகவே கிடைக்கிறதே மாமா என்றார். பியூஸ் சிரித்து வைத்தார். பல்லைக் கடித்த சிரிப்பு.

நாலாவது தடவை டப்பாவைப் பிரித்துப் போட்டுக்கொண்டு தரையில் மண்டியிட்டிருந்தபோதுதான், அக்கா ஃப்ரிட்ஜைத் திறந்தது கண்ணில் பட்டது. கைப்பிடியில் துணியை மடித்துப் பிடித்துத் திறந்தாள்.

"எதுக்கு அந்தத் துணி?"

"சும்மா. கை ஈரம்."

"கை காஞ்சுதானே இருக்கு."

அக்கா ஃப்ரிட்ஜை மூடினாள். "அது எப்பவும் லேசா சுள்ளுங்கும்டா. வாங்கின நாள்லேருந்தே. உன் டப்பா வந்த பிறகு கொஞ்சம் ஜாஸ்தி."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ பண்ணின வயரிங்குல கோளாறுன்னு உங்கிட்டயே எப்படிச் சொல்றது? அவர்கிட்ட சுவர் ஈரம், அதான் சுள்ளுங்குதுன்னு சொல்லி வச்சிருக்கேன்."

பியூஸ் பையிலிருந்து டெஸ்ட் பல்பை எடுத்தார். ஒரு முனையைக் கரண்டிலும் மறு முனையைப் பச்சை வயரிலும் வைத்தார். எர்த் உயிரோடு இருந்தால் பல்பு எரிய வேண்டும். எரியவில்லை. இதை முதல் நாளே பார்த்திருக்கலாம். தான் இழுத்த வயரை யார் சோதித்துப் பார்ப்பார்கள்?

மெயின் போர்டைத் திறந்தார். எல்லா அறையின் பச்சை வயர்களும் ஒன்றாக முறுக்கி, டேப் சுற்றி, மூலையில் மடித்து வைத்தபடி இருந்தன. எங்கும் போகவில்லை. அந்த முறுக்கு அவர் கைமுறுக்கேதான். இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால், தரை போடுகிறவர்கள் வேலை முடியட்டும், பிறகு எர்த் குழி தோண்டலாம் என்று மடித்து வைத்தது. அந்த வாரம்தான் தங்கைக்குத் தலைப்பிரசவ வலி கண்டு, போட்டது போட்டபடி ஓடினார். பத்து நாள் கழித்து வந்தபோது தரையும் முடிந்திருந்தது, விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. குழி நினைவிலிருந்தே போய்விட்டது. மண்ணுக்கு வழி இல்லாத டப்பா, பிடித்த குப்பையை என்ன செய்யும்? ஆம்ப்ளிஃபயரின் இரும்பு மேலேயும், அதே பச்சை வயரில் தொங்குகிற ஃப்ரிட்ஜ் மேலேயும் அல்லவா ஏற்றும்?

அக்கா எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் புரிந்துகொண்டாள்.

"எர்த் கம்பி துருப்பிடிச்சுப் போச்சுன்னு சொல்லிடு. மண்ணுக்குள்ள இருக்கறதை யார் தோண்டிப் பாக்கப் போறா?"

பியூஸுக்கு வந்த ஆத்திரம் எல்லாம் அவள்மேல் திரும்பியது. "இத்தனை வருஷமா துணியைப் பிடிச்சுட்டு நின்னிருக்கியே, ஒருநாள் உள்ளே பெரிய கோளாறு வந்திருந்தா? என் பேரைக் காப்பாத்த உன்னை யார் கேட்டா?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இரண்டு நாள், அக்கா வீட்டுக்குப் பின்னால் தானே குழி தோண்டினார். ஆள் வைக்கலாமே என்றவர்களுக்குக் காது கொடுக்கவில்லை. கம்பியை இறக்கி, பச்சை வயரைக் கொண்டுவந்து சேர்த்து, டெஸ்ட் பல்பு எரிந்ததும் டப்பாவை மாட்டினார். லிஃப்ட் ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது. பாட்டு பாட்டாகக் கேட்டது. அத்தான் ஆம்ப்ளிஃபயரின் முகத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளைக்குப் பேச போனை எடுத்தார்.

"அத்தான், ஒரு நிமிஷம். போனை வைங்க."

மடித்து வைத்த வயரிலிருந்து தங்கையின் பிரசவம் வரை, ஒன்று விடாமல் சொன்னார். டப்பாமேல் தப்பே இல்லை என்பதையும் சொன்னார்.

அத்தான் சுவரைத் தடவிப் பார்த்தார். "அப்போ இந்தச் சுவர்ல ஈரமே இல்லியா," என்றார் அக்காவைப் பார்த்து. போனைப் பழைய இடத்தில் வைத்தார்.

அடுத்த ஞாயிறு மாப்பிள்ளையே வந்து, கம்பெனி ஆளிடம் வேலையைப் பேசி முடித்துவிட்டதாகச் சொன்னார். யாரும் குத்திக்காட்டவில்லை, குத்தியிருந்தால் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசியாவது ஆறியிருக்கலாம். பியூஸ் வாசல்வரை அவர் கூடவே போனார்.

"அவன் யாரா வேணா இருந்துட்டுப் போகட்டும் மாப்பிள்ளை. முதல்ல எர்த் குழியைத் தோண்டச் சொல்லுங்க. நான் வந்து பல்பு வச்சுப் பாத்த பிறகுதான் தரை போடணும்."

"சரி மாமா."

அந்தச் 'சரி' எந்தச் சரி என்று பியூஸுக்குப் பிடிபடவில்லை. மறுநாள் காலையில் யாரும் கூப்பிடாமலே கட்டுகிற வீட்டுக்குப் போனார். சிமென்ட் கலந்துகொண்டிருந்தவர்களைக் கையை நீட்டி நிறுத்திவிட்டு, குழி எங்கே என்று கேட்டார்.