மஸ்கட்டுக்குப் போன தட்டுவடை

காலை ஆறு மணிக்கு நல்லம்பள்ளியிலிருந்து வாடகைக் கார் கிளம்பியது. பெங்களூரு விமான நிலையம் வரை ஏறக்குறைய நூற்று எண்பது கிலோமீட்டர், வாடகை ஐயாயிரம் ரூபாய். அங்கிருந்து மூன்றரை மணி நேரம் பறந்தால் மஸ்கட். என் வீட்டுக்காரர் மூன்று வருடமாக அங்கே ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறார். ஒவ்வொரு பொங்கலுக்கும் வருகிறேன் என்பார், லீவு கிடைக்காது. பொறுத்துப் பார்த்து, முப்பது நாள் விசாவில் நானே கிளம்பிவிட்டேன். தினமும் போனில் பார்க்கிற முகம்தான். ஆனாலும் நேரில் போய் நின்றால் வேற்று ஆளாகத் தெரிவாரோ என்று உள்ளுக்குள் ஒரே பயம்.

அவர் கேட்டது ஒன்றுதான். "துணிமணி எதுவும் வேணாம். உன் கையால தட்டுவடை சுட்டு எடுத்துட்டு வா."

கிளம்புவதற்கு முந்தைய நாள் நானும் என் ஓரகத்தி செல்வியும் உட்கார்ந்து மூன்று கிலோ சுட்டோம். பூண்டும் மிளகாயும் அரைத்தது அவள், மாவு பிசைந்தது நான். வெளியூரில் இருப்பவருக்குச் செய்கிற பலகாரத்தில் அவருக்கு முன்னால் யாரும் வாய் வைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுக் கட்டுப்பாடு.

"அக்கா, உடைஞ்சது ஒண்ணு எடுத்துக்கட்டுமா?"

"உங்க மாமா தின்ன பொறவு தின்னலாம், சும்மா இரு."

"அவரு திங்கறதுக்குள்ள எனக்குப் பல்லு உழுந்துரும்க்கா."

கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி தாண்டியதும் டிரைவர் மாது திரும்பிப் பார்த்தார். "வண்டியே மணக்குதுங்க. யாருக்குங்க இவ்ளோ?"

"வூட்டுக்காரருக்கு."

"குடுத்து வெச்சவருங்க" என்றார். அவருக்கும் ஒன்று கொடுக்கவில்லை. இன்றுவரை அது மனசை உறுத்துகிறது.

பத்து மணிக்கு விமான நிலையம். கைப்பை ஏழு கிலோதான் இருக்கலாமாம், என்னுடையது எட்டரை. எதையாவது எடுங்கள் என்றார் கவுண்டரில் இருந்த பெண். இரண்டு புடவைகளை எடுத்து மேலே போர்த்திக்கொண்டேன். தட்டுவடையில் கை வைக்க விடுவேனா?

பன்னிரண்டரைக்கு விமானம் ஏறியது. பக்கத்து இருக்கையில் அரூர்க்காரர் ஒருவர், மஸ்கட்டில் ஓட்டல் வேலை. "எங்க வூட்லயும் முறுக்கு சுட்டாங்க. அவசரத்துல மறந்துட்டு வந்துட்டனுங்க" என்றார். அந்த முகத்தைப் பார்த்து, கட்டுப்பாட்டை மீறி ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.

மெதுவாக மென்றார். "நல்லாத்தானுங்க இருக்குது..." என்று இழுத்தார். "உப்புதான் காணமுங்க."

நானும் ஒன்றைக் கடித்தேன். ஒரு கல் உப்பு இல்லை. மிளகாயோடு சேர்த்து செல்வி அரைத்திருப்பாள் என்று நான் இருந்தேன். மாவில் நான் போடுவேன் என்று அவள் இருந்திருக்கிறாள். ருசி பார்க்கவும் ஆளில்லை. மூன்று வருடம் கழித்துப் போகிறேன், அவர் கேட்ட ஒன்றையும் கெடுத்து எடுத்துப் போகிறேன். கண்ணில் நீர் வந்துவிட்டது.

"டீயில நனைச்சுத் தின்னா தெரியாதுங்க" என்று தேற்றினார் அரூர்க்காரர்.

அந்த ஊர் நேரம் பிற்பகல் இரண்டரைக்கு இறங்கினோம். வெளியே அவர் நின்றிருந்தார். இளைத்திருந்தார். காதோரம் நரைத்திருந்தது, போனில் அது தெரிந்ததே இல்லை. டாக்சியில் ஏறியதும் பையைத்தான் திறந்தார்.

"வேணாங்க. உப்பு போட மறந்துட்டம்" என்றேன்.

அதற்குள் வாயில் போட்டுவிட்டார். ஒன்று, இரண்டு, மூன்று என்று தின்றுகொண்டே போனார்.

"என்னைச் சமாதானப்படுத்தத் திங்க வேணாம்."

"சமாதானமெல்லாம் இல்ல. டாக்டர் உப்ப நிறுத்தச் சொல்லி எட்டு மாசமாச்சு. பிரஷர். ஆசைக்கு ஒண்ணு தின்னுட்டு மிச்சத்த ரூம்காரங்களுக்குக் குடுத்துரலாம்னுதான் கேட்டேன். நீ பயந்துக்குவேன்னு சொல்லல."

எட்டு மாதம். தினமும் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டிருக்கிறேன். சாம்பார், பொரியல் என்று அவரும் சொல்லியிருக்கிறார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு வழி முழுக்க அழுதேன்.

முப்பது நாளும் உப்பில்லாமல் சமைத்தேன். அவரோடு உட்கார்ந்து அதையே நானும் சாப்பிட்டேன். முதல் வாரம் கஷ்டமாக இருந்தது, அப்புறம் பழகிவிட்டது. விசா முடிந்தது, வந்துவிட்டேன்.

நல்லம்பள்ளிக்குத் திரும்பி ஒரு மாதம் ஆகிறது. இங்கே குழம்பில் உப்பு சரியாகத்தான் இருக்கிறது. எனக்குத்தான் தொண்டைக்குள் இறங்க மாட்டேன் என்கிறது.