அத்தைக்குக் கிடைத்த கார் ஷெட்

கன்னியர் மடத்தில் நான்கு வருடம் இருந்துவிட்டு, துறவற வார்த்தைப்பாடு கொடுக்காமலே அத்தை ஊர் திரும்பியபோது எனக்கு எட்டு வயது. பாலக்கோட்டு பஸ்ஸிலிருந்து ஒரு தகரப்பெட்டியோடு இறங்கினாள். நாத்தனாரின் பெட்டியாயிற்றே என்று வாங்கப்போன அம்மா, கனம் தாங்காமல் ரோட்டிலேயே இறக்கி வைத்துவிட்டாள். வீட்டுக்கு வந்து திறந்தால், மேலாக இரண்டு புடவை. அடியில் உளிகள், ரம்பம், இழைப்புளி, சுத்தியல்.

மடத்துப் பள்ளிக்கூடத்தில் உடைந்த பெஞ்சுகளைச் சரிசெய்ய ஆசாரி வருவாராம். அத்தை பக்கத்திலேயே நின்று பார்த்து, பிறகு பிடித்துக் கொடுத்து, கடைசியில் அவர் வராத நாட்களில் தானே செய்யத் தொடங்கியிருந்தாள். கிளம்பும்போது, என்ன வேண்டுமோ எடுத்துக்கொண்டு போ என்று தலைமை சிஸ்டர் சொன்னாராம். வேறு யாராவது ஜெபப் புத்தகம் கேட்டிருப்பார்கள்.

ஊரில் எல்லோருக்கும் ஒரே கேள்விதான். ஏன் திரும்பி வந்தாள்? பெண் பார்க்க வந்தவர்கள் காபி குடித்து முடிக்கும்போது அதையே கேட்டார்கள். "எனக்குப் புடிக்கலைங்க, வந்துட்டேன்" என்று அத்தை பதில் சொல்வாள். அத்தோடு பேச்சு முடிந்துவிடும். அம்மாவுக்குத்தான் வருத்தம். அத்தையோ, போய்விட்ட பஸ்ஸைப் பார்ப்பதுபோல ஒரு நிமிடம் வாசலைப் பார்த்துவிட்டு டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

அப்போது எங்கள் ஊரில் கார் ஷெட் உள்ள வீடு எங்களுடையது மட்டும்தான். அப்பா முன்பு தர்மபுரியில் டாக்சி ஓட்டியவர். பழைய கார் ஒன்றைச் சொந்தமாக வாங்கி, அதற்காக வீட்டை ஒட்டி ஓடு போட்டு ஷெட் கட்டினார். ஷெட் நன்றாக நின்றது. கார்தான் ஓடவில்லை. இன்ஜின் போய், செங்கல் மேல் ஏறி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அப்பா யாருடைய லாரியையோ ஓட்டிக் கரும்பு ஏற்றிக்கொண்டிருந்தார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் ஷெட்டைத் திறந்து, ஈரத்துணியால் காரைத் துடைத்து, கொஞ்ச நேரம் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்தில் நாங்கள் யாரும் அந்தப் பக்கம் போகக்கூடாது.

அத்தை கேட்டது அந்த ஷெட்டைத்தான்.

"அண்ணா, ஷெட்டுல ஓரமா கொஞ்சம் எடம் குடுங்க. மரவேலை செய்யறேன்."

"காரு ரெடியாயிட்டா எங்க நிறுத்தறது?"

"ரெடியாவட்டும்ணா. அன்னைக்கே காலி பண்ணிக் குடுத்துடறேன்."

அப்பாவால் அதற்குமேல் மறுக்க முடியவில்லை. மறுத்தால், கார் ரெடியாகாது என்று அவரே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

மறுநாள் காலை அத்தை முழுநீளக் கரும்பு ஒன்றை என் கையில் கொடுத்தாள். "இது பலகைன்னு வெச்சுக்கோ. ஷெட்டுக்குள்ள கொண்டு போய்த் திருப்பு பாப்போம்." நான் திருப்பினேன். காரின் பின்பக்கத்தில் இடித்தது. மறுபடி திருப்பினேன், சுவரில் இடித்தது. அத்தை சுண்ணாம்புத் துண்டால் தரையில் ஒரு நீண்ட கட்டம் போட்டாள். அதுதான் வேலைமேஜை. கட்டத்தின் ஒரு பக்கம் நின்று ரம்பம் இழுப்பதுபோல் கையை ஆட்டிப் பார்ப்பாள். முழங்கை கார்க்கதவில் பட்டதும் அழித்துவிட்டு வேறு இடத்தில் போடுவாள். வாசல் வெளிச்சம் வலது கையின் நிழலை வேலைமேல் தள்ளுகிறது என்று சொல்லி மூன்றாம் முறையும் அழித்தாள். கடைசியில், காருக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்கிற இடத்தில் மேஜை அமைந்தது. சுவரில் ஆணி அடித்து உளிகளை மாட்டி, ஒவ்வொன்றையும் சுற்றிக் கரியால் கோடு போட்டாள். எது வெளியே போயிருக்கிறது என்று சுவரே சொல்லிவிடுமாம். வேலை முடிந்ததும் பலகையை ஆளுக்குப் பாதியாகத் தின்றோம்.

முக்காலி, உரல் மூடி, பக்கத்து வீட்டு மாட்டுத்தொட்டிக்கு ஒரு சட்டம் என்று அத்தை செய்துகொண்டிருந்தாள். வந்தவர்கள் பொருளைப் பார்ப்பதற்கு முன் அவளைப் பார்த்தார்கள். பிறகு, வேனில் விடுமுறையில், எங்கள் ஆரம்பப் பள்ளித் தலைமையாசிரியர் வந்தார். பள்ளி திறப்பதற்குள் ஆறு அடி பெஞ்சு மூன்று வேண்டும் என்றார். "முடியுமாம்மா?" என்று இரண்டு முறை கேட்டார். அத்தை இரண்டு முறையும் முடியும் என்றாள். அவர் போனபின் வெகுநேரம் மேஜையின் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

ஆறு அடிப் பலகை கரும்பைப்போல வளைந்து கொடுக்காது. ஒரு முனையை நான் பிடித்திருந்தேன். அத்தை திருப்பச் சொன்னாள். திருப்பினேன். காரின் முன்விளக்குக் கண்ணாடி கலகலவென்று உதிர்ந்தது.

அப்பா சத்தம் கேட்டு வந்தார்.

"நாந்தாண்ணா இடிச்சிட்டேன்" என்றாள் அத்தை, நான் வாய் திறப்பதற்குள்.

அப்பா தோளில் இருந்த துண்டை விரித்து, கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முடிந்துகொண்டு போனார். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்கியிருக்கும்.

விடிந்ததும் நான்கு ஆட்களோடு வந்தார். செங்கல்லை எடுத்து, சக்கரங்களை மாட்டி, காற்றில்லாத டயர்கள் தரையில் தேய, காரை வெளியே தள்ளிக்கொண்டு போய் வேப்பமரத்தடியில் நிறுத்தினார்கள்.

"இவ பக்கத்துல இருந்தா என் காரு உசுரோட இருக்காது" என்று ஆட்கள் காதில் விழும்படி சொன்னார்.

என்னால்தான் அத்தைமேல் அப்பாவுக்கு இவ்வளவு கோபம் என்று நினைத்து நான் ஓவென்று அழுதேன். அத்தை காலியான ஷெட்டின் நடுவில் நின்று, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி ஒரு சுற்றுச் சுற்றினாள். எதிலும் இடிக்கவில்லை. அவள் கண்ணிலும் தண்ணீர் இருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள். பெரியவர்களை எனக்குப் புரியவே இல்லை.

அடுத்த வாரம் கோடை மழை காற்றோடு அடித்து ஷெட்டின் ஓடுகள் நாலைந்தைப் புரட்டிவிட்டது. பாதி செய்த பெஞ்சுகளின்மேல் தண்ணீர் கொட்டத் தொடங்கியது. அத்தையும் அம்மாவும் கோணிப்பைகளோடு ஓடினார்கள். அப்பா நேராக வேப்பமரத்தடிக்குப் போய், காரின்மேல் கட்டியிருந்த தார்ப்பாயை அவிழ்த்து இழுத்து வந்தார். பலகைகளை மூடி, நான்கு மூலையிலும் கல் வைத்தார்.

"அப்பா, காரு நனையுதே!"

"நனையட்டும். பலகை நனைஞ்சா கோணிக்கும். இரும்பு நனைஞ்சா காஞ்சுக்கும்."

பெஞ்சுகள் கோணவில்லை. பள்ளி திறப்பதற்கு முதல்நாள் அப்பாவே அவற்றை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கினார். தலைமையாசிரியர் ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து ஆட்டிப் பார்த்தார். பிறகு, ஓர் அலமாரியும் செய்ய முடியுமா என்று கேட்டார். இந்த முறை ஒரே தடவைதான்.

அந்தப் பெஞ்சு ஒன்றில் உட்கார்ந்துதான் இரும்பு ஈரத்தில் இருந்தால் துருப்பிடிக்கும் என்று பாடம் படித்தேன். மாலையில் ஓட்டமாக வந்து அப்பாவிடம் சொன்னேன். அப்போதே கார்க்கதவின் அடியில் பழுப்பு ஏறியிருந்தது. அவர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"அப்படியா கண்ணு? எனக்குத் தெரியாமப் போச்சே" என்றார்.

எத்தனையோ வண்டிகளைப் பிரித்துப் பூட்டிய மனிதருக்கு இதுகூடத் தெரிந்திருக்கவில்லையே என்று, அன்று அவர்மேல் எனக்கு மிகவும் இரக்கமாக இருந்தது.